நான்கு பூஜ்யங்களை நிரப்புவது யார்? லிங்கரையும் லோடரையும் கையால் தொட்டுப் பார்க்க

பெரிய சி, சி++ ப்ராஜெக்ட்டுகளின் பில்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, கம்பைல் எல்லாம் ஆகிடுச்சு, லிங்க் மட்டும் ஆகலை." நான் கோடைப் பார்க்க மாட்டேன். "என்எம் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்பேன். அந்தக் கட்டளையின் பெயரையே அன்றுதான் கேள்விப்படுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கம்பைலரைப் பற்றி எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கம்பைல் ஆன துண்டுகளை ஒரே ப்ரோகிராமாக இணைப்பது லிங்கர். அதை ஓட்டும்போது தேவையான லைப்ரரிகளை ஏற்றிச் சேர்ப்பது லோடர். அந்தப் பிறகு நடப்பதை ஒரு சின்ன ப்ரோகிராமை வைத்து இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். 64-பிட் எக்ஸ்86 கணினியில் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், லிங்கரும் என்எம் போன்ற கருவிகளும் அடங்கிய பின்யூட்டில்ஸ் இருந்தால் போதும். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். பதினாறடிமான எண்களில் வரும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளுக்கும் அதே கதைதான்.

இரண்டு ஃபைல், இரண்டு கம்பைல்

முதல் ஃபைல் மெயின்.சி. அதில் ஸ்கொயர் என்ற ஃபங்ஷன் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற அறிவிப்பு ஒரு வரி. மெயின் ஃபங்ஷன் ஸ்கொயரை 7 கொடுத்து அழைத்து, வரும் விடையை அப்படியே ரிட்டர்ன் செய்வது இன்னொரு வரி. இரண்டாவது ஃபைல் ஸ்கொயர்.சி. வாங்கிய எண்ணை அதே எண்ணால் பெருக்கித் திருப்பித் தரும் ஃபங்ஷன், அவ்வளவுதான்.

இரண்டையும் தனித்தனியாக, லிங்க் செய்யாமல் கம்பைல் செய்யுங்கள்: ஜிசிசி -சி -எஃப்நோ-பிஐஇ -எஃப்சிஎஃப்-ப்ரொடெக்‌ஷன்=நன் மெயின்.சி. ஸ்கொயர்.சி-க்கும் இதேதான். நடுவில் இருக்கும் இரண்டு ஆப்ஷன்களும் நாம் பார்க்கப்போகும் பைட்டுகளைக் கூட்டல் குறைச்சல் இல்லாமல் வைத்துக்கொள்ள மட்டுமே. நிஜ வேலையில் அவற்றைப் போடாதீர்கள், இரண்டுமே பாதுகாப்பைக் குறைப்பவை.

இப்போது மெயின்.ஓ, ஸ்கொயர்.ஓ என்று இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைல்கள், அதாவது இன்னும் இணைக்கப்படாத இயந்திரக் கட்டளைத் துண்டுகள், கையில் இருக்கும். ஒரு ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடுவது என்எம். என்எம் மெயின்.ஓ என்று அடித்தால் இரண்டு வரி வரும். மெயினுக்குப் பக்கத்தில் டி என்ற எழுத்து இருக்கும்: இது என்னிடம் இருக்கிறது, டெக்ஸ்ட் செக்‌ஷனில் இருக்கிறது என்று பொருள். ஸ்கொயருக்குப் பக்கத்தில் யு. இதன் பெயர் எனக்குத் தெரியும், இடம் தெரியாது. ஸ்கொயர்.ஓ-வில் பார்த்தால் அதே ஸ்கொயருக்கு டி. ஒருவர் தேடுகிறார், இன்னொருவர் வைத்திருக்கிறார். லிங்கர் இவர்களைச் சேர்த்து வைக்கிறது.

அந்த ஐந்து பைட்டுகள்

ஆப்ஜ்டம்ப் -டிஆர் மெயின்.ஓ என்று அடியுங்கள். ஃபைலில் உள்ள இயந்திரக் கட்டளைகளை விரித்துக் காட்டும் கருவி அது. டி இங்கே டிஸ்அசெம்பிள் என்பதன் முதல் எழுத்து, சின்னது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் மெயின் மொத்தம் 16 பைட் வரும். 9-வது பைட்டில் இந்த வரி இருக்கும்:

ஈ8 00 00 00 00

ஈ8 என்பது கால் கட்டளை. அதற்கு அடுத்த நான்கு பைட்டுகளில், எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற எண் இருக்க வேண்டும். கம்பைலருக்கு அந்த எண் தெரியாது. ஸ்கொயர் இன்னொரு ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல் எழுதப்பட்டதா என்றுகூட அதற்குத் தெரியாது. அதனால் நான்கு பூஜ்யங்களைப் போட்டு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. ரீலொகேஷன் என்பது அந்தக் குறிப்புதான். திரையில் அது ஆர்_எக்ஸ்86_64_பிஎல்டி32 என்ற வகைப் பெயரோடும், ஸ்கொயர் கழித்தல் 4 என்ற கணக்கோடும் தெரியும். அதைத் தமிழில் விரித்தால், "10-வது பைட்டிலிருந்து நான்கு பைட் காலி. ஸ்கொயர் எங்கே என்று தெரிந்ததும் தூரத்தைக் கணக்கிட்டு இங்கே எழுது."

இந்த இடத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் நில்லுங்கள். லிங்கர், லோடர் என்று வரும் அத்தனையும் இந்த நான்கு பூஜ்யங்களின் கதைதான். ஒவ்வொரு காலியிடத்தையும் யாரோ ஒருவர் நிரப்பியாக வேண்டும். கம்பைலரால் முடியாததை லிங்கரிடம் விடுகிறது. லிங்கரால் முடியாததை லோடரிடம் விடுகிறது. எந்தப் பிழை வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் காலியிடம், யார் நிரப்பியிருக்க வேண்டியது?

நிரப்பிப் பார்ப்போம்

ஜிசிசி -நோ-பிஐஇ மெயின்.ஓ ஸ்கொயர்.ஓ -ஓ சோதனை என்று லிங்க் செய்யுங்கள். ஓட்டிவிட்டு எக்கோ $? என்று கேட்டால் 49 வரும். இப்போது ஆப்ஜ்டம்ப் -டி சோதனை என்று அடித்து மெயினைத் தேடுங்கள். என் கணினியில் மெயின் 401106 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது, அதே ஐந்து பைட்டுகள் இப்படி மாறியிருந்தன:

ஈ8 02 00 00 00

எங்கிருந்து வந்தது இந்த 2? கையால் போட்டுப் பார்க்கலாம். முகவரிகள் பதினாறடிமான எண்கள் என்பதை மறக்காதீர்கள்: நம் 10 அங்கே ஏ, நம் 16 அங்கே 10. மெயின் 401106-இல் தொடங்குகிறது. காலியிடம் அதிலிருந்து 10 பைட் தள்ளி, அதாவது 401110-இல். மெயின் 16 பைட் நீளம் என்பதால் அதை ஒட்டி வரும் ஸ்கொயர் 401116-இல். ஸ்கொயரின் முகவரியிலிருந்து 4-ஐக் கழித்து, காலியிடத்தின் முகவரியையும் கழித்தால் 2. அந்த 4 எதற்கு? ப்ராசசர் தூரத்தை அளப்பது காலியிடத்திலிருந்து அல்ல, அடுத்த கட்டளையிலிருந்து. காலியிடம் நான்கு பைட் நீளம், அதனால் அந்த நான்கையும் தாண்டி அளக்க வேண்டும். எண்ணின் சிறிய பைட் முதலில் வருவதால் 02 00 00 00 என்று எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் கணினியில் முகவரிகள் வேறாக இருக்கலாம். ஆனால் மெயினுக்கு அடுத்தே ஸ்கொயர் இருந்தால் இந்த 2 மாறாது. லிங்க் செய்யும்போது ஸ்கொயர்.ஓ-வை முன்னால் போட்டுப் பாருங்கள். இப்போது பின்னோக்கித் தாவ வேண்டும், எண் எதிர்மறையாகிவிடும், வால் முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் நிற்கும். இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டவர்களுக்கு அதற்குப் பிறகு லிங்கர் மேல் பயம் இருப்பதை நான் பார்த்ததில்லை.

லிங்கர் கைவிரிக்கும்போது

ஸ்கொயர்.ஓ-வை விட்டுவிட்டு மெயின்.ஓ-வை மட்டும் லிங்க் செய்தால், அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஸ்கொயர் என்று வரும். யு இருக்கிறது, டி எங்குமே இல்லை. இதற்கு மேல் அந்தப் பிழையில் மர்மம் இல்லை. டி எந்த ஃபைலில் இருக்க வேண்டும் என்று யோசித்து, அந்த ஃபைலில் என்எம் போட்டு, அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சி++-ல் ஒரு சின்னத் திருகல் உண்டு. அங்கே ஸ்கொயர் என்ற பெயரை இன்ட் வாங்கும் ஃபங்ஷனுக்கு ஒரு விதமாகவும் டபிள் வாங்கும் ஃபங்ஷனுக்கு வேறு விதமாகவும் கம்பைலர் பெயர் மாற்றி எழுதிவிடும். சி-யில் எழுதிய ஃபங்ஷனை சி++-லிருந்து அழைக்கும்போது பெயரை மாற்றாதே என்று சொல்லும் எக்ஸ்டர்ன் சி போட மறந்தால், ஒருவர் ஒரு பெயரைத் தேடுவார், இன்னொருவர் வேறு பெயரில் வைத்திருப்பார். பிழைச் செய்தியில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று வகை தெரிந்தால், தேடுகிற பக்கம் சி++ என்று அறியுங்கள். லைப்ரரியில் என்எம் போட்டு வெறும் ஸ்கொயர் என்று இருந்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று லைப்ரரி வரிசை. .ஏ என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்களைப் போட்டு வைத்த பெட்டி. க்னூ லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. பெட்டி வரும்போது, அதுவரை தேடப்படும் பெயர்கள் உள்ளே இருந்தால் அந்த ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றதை விட்டுவிட்டு நகர்ந்துவிடும், திரும்பி வராது. ஆகவே லைப்ரரியை முன்னாலும் மெயின்.ஓ-வைப் பின்னாலும் எழுதினால், பெட்டி திறக்கும் நேரத்தில் யாரும் எதையும் தேடவில்லை. எல்லாம் இருந்தும் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்தான். தேடுபவர் முன்னால், தருபவர் பின்னால். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று தேடினால் --ஸ்டார்ட்-குரூப், --எண்ட்-குரூப் இரண்டுக்கும் நடுவில் போடுங்கள், புதிதாக எதுவும் கிடைக்காமல் போகும் வரை லிங்கர் சுற்றிச் சுற்றித் தேடும். எல்எல்விஎம்மின் எல்எல்டி லிங்கர் கடந்து வந்த பெட்டிகளில் உள்ள பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் வரிசை தப்பாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதே ப்ராஜெக்ட்டை யாராவது க்னூ லிங்கரில் பில்ட் செய்யும் நாளில் அது வெடிக்கும்.

இரண்டு டி, அதைவிட மோசமான இரண்டு சி

ஒரே பெயருக்கு இரண்டு ஃபைல்களிலும் டி இருந்தால் மல்டிபிள் டெஃபனிஷன் என்று லிங்கர் நிறுத்திவிடும். நிறுத்திவிட்டால் நல்லது. நிறுத்தாத காலம் ஒன்று இருந்தது, அதில் நான் இரண்டு முழு நாட்களை இழந்திருக்கிறேன்.

நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வர் ப்ரோகிராமில், எத்தனை லாக் வரிகள் எழுதினோம் என்ற கணக்கு திடீர் திடீரென்று பூஜ்யத்துக்குப் போய்விடும். லாக் கோடில் அதைப் பூஜ்யமாக்கும் வரியே கிடையாது. நினைவகத்தை யாரோ மிதிக்கிறார்கள் என்று முடிவு செய்து, டிபகரை வைத்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாலை, வேறு எதற்கோ என்எம் போட்டபோது கண்ணில் பட்டது. லாக் ஆப்ஜெக்ட் ஃபைலில் கவுண்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில் சி. நெட்வொர்க் ஆப்ஜெக்ட் ஃபைலிலும் கவுண்ட், அங்கேயும் சி. முடிந்த ப்ரோகிராமில் கவுண்ட் ஒன்றே ஒன்று.

சி என்றால் காமன். தொடக்க மதிப்பு கொடுக்காமல், ஸ்டாட்டிக் என்றும் போடாமல் எழுதிய குளோபல் வேரியபிளைப் பழைய ஜிசிசி இப்படிக் குறித்து வைக்கும். அதே பெயரில் எத்தனை காமன் வந்தாலும் லிங்கர் அவற்றை ஒரே இடமாக்கிவிடும், வாய் திறக்காது. நெட்வொர்க் கனெக்‌ஷன் அறுந்து புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் அந்த மாட்யூல் தன் கவுண்ட்டைப் பூஜ்யமாக்கியது. என் லாக் கணக்கும் கூடவே போனது. இரண்டுக்கும் முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல் சேர்த்ததும் முடிந்தது. 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் -எஃப்நோ-காமன் இயல்பாகவே இயங்குகிறது, அதே கோட் இப்போது மல்டிபிள் டெஃபனிஷன் என்று நின்றுவிடும். பழைய ப்ராஜெக்ட் அப்படி நின்றால், -எஃப்காமன் போட்டுச் செய்தியை அடக்கிவிட்டுப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒவ்வொரு வேரியபிளும் நிஜமாகவே ஒன்றுதானா, பெயர் மட்டும் ஒத்துப்போன இரண்டா என்று உட்கார்ந்து பாருங்கள்.

லோடரிடம் விடுவது

இப்போது ஸ்கொயரை மட்டும் ஷேர்ட் லைப்ரரியாக்குவோம், அதாவது ப்ரோகிராமுக்குள் சேராமல் தனி ஃபைலாக இருந்து ஓட்டும்போது ஏற்றப்படும் லைப்ரரி: ஜிசிசி -ஷேர்ட் -எஃப்பிஐசி ஸ்கொயர்.சி -ஓ லிப்ஸ்கொயர்.எஸ்ஓ. மெயின்.ஓ-வைத் தொட வேண்டாம், பழையதே இருக்கட்டும். ஜிசிசி -நோ-பிஐஇ மெயின்.ஓ -எல். -எல்ஸ்கொயர் -ஓ சோதனை2. இதில் முதல் எல் பெரிய எழுத்து, இரண்டாவது சின்னது.

ஆப்ஜ்டம்ப்பில் அதே ஈ8-ஐத் தேடுங்கள். எண் நிரம்பியிருக்கும், ஆனால் அது காட்டும் இடம் ஸ்கொயர் அல்ல. பிஎல்டி என்ற பகுதியில் லிங்கர் புதிதாகக் கட்டிவைத்த சிறு திண்ணை. அங்கிருக்கும் கட்டளை, காட் என்ற அட்டவணையில் ஒரு கட்டத்தைப் படித்து, அதில் இருக்கும் முகவரிக்குத் தாவும். அந்தக் கட்டத்தில் ஸ்கொயரின் நிஜ முகவரியை எழுத வேண்டியது லோடர். காலியிடம் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

நேராகக் கால் கட்டளையிலேயே லோடர் எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு, நல்ல கேள்வி. கட்டளைகள் இருக்கும் பக்கங்களை எழுத முடியாதபடி பூட்டி வைப்பதால், ஒரே லைப்ரரியை 100 ப்ராசஸ்கள் பயன்படுத்தினாலும் நினைவகத்தில் அதன் கட்டளைகளுக்கு ஒரே நகல் போதும். ஒவ்வொரு ப்ராசஸிலும் லைப்ரரி வெவ்வேறு முகவரியில் இருக்கலாம். வேறுபடுவதையெல்லாம் காட் அட்டவணையில் ஒதுக்கிவிட்டால், அந்தச் சின்ன அட்டவணைக்கு மட்டும்தான் ப்ராசஸுக்கு ஒரு நகல் வேண்டும். இதை யோசித்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

ரீட்எல்ஃப் -எல் சோதனை2 (எல் சின்னது) என்று அடித்தால், ப்ரோகிராமை ஓட்டச் சொன்னதும் லினக்ஸின் மையமான கர்னல் எதைப் பார்க்கிறது என்று தெரியும். கர்னல் முதலில் ஃபைலின் முதல் நான்கு பைட்டுகள் 7எஃப் 45 4சி 46 தானா என்று பார்க்கிறது. அது எல்ஃப் ஃபைலின் அடையாளம். லினக்ஸில் ப்ரோகிராம்களும் லைப்ரரிகளும் இருக்கும் ஃபைல் வடிவம் எல்ஃப். பிறகு லோட் என்று குறித்த ஒவ்வொரு செக்மென்ட்டையும் நினைவகத்தில் அதற்குரிய இடத்தில் பொருத்துகிறது. இன்டர்ப் என்ற வரியில் /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 என்று ஒரு பாதை இருக்கும். அதுதான் லோடர், அதையும் ஏற்றிக் கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிட்டுக் கர்னல் ஒதுங்கிவிடும். லோடர் தேவையான லைப்ரரிகளைத் தேடித் திறந்து, காலியிடங்களை நிரப்பி, _ஸ்டார்ட் என்ற இடத்துக்குத் தாவும். மெயின் வருவது அதற்கும் பிறகு.

அதே ரீட்எல்ஃப் வெளியீட்டில் கடைசி லோட் செக்மென்ட்டுக்கு ஃபைலில் உள்ள அளவைவிட நினைவக அளவு பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த வித்தியாசம் பிஎஸ்எஸ், பூஜ்யமாகத் தொடங்கும் குளோபல்கள். 1 கோடி பைட் குளோபல் அர்ரே ஒன்றை வெறுமனே அறிவித்தால் ப்ரோகிராம் ஃபைல் வளராது. முதல் கட்டத்தில் 1 என்று போட்டால் ஃபைல் 1 கோடி பைட் வீங்கும். செய்து பாருங்கள்.

ஓட்டும்போது வரும் பிழைகள்

சோதனை2-ஐ இப்போது ஓட்டினால் ஓடாது. கெனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல் என்று சொல்லி, 127 என்ற எக்ஸிட் மதிப்போடு முடிந்துவிடும். லைப்ரரி அதே டைரக்டரியில்தானே இருக்கிறது? லிங்கரிடம் -எல். என்று சொன்னது லிங்கருக்கு மட்டும். லோடர் அதைக் கேட்கவே இல்லை.

லோடர் எங்கெல்லாம் தேடுகிறது என்று அதையே கேளுங்கள்: எல்டி_டிபக்=லிப்ஸ் ./சோதனை2. திறக்க முயன்ற ஒவ்வொரு பாதையும் வரிவரியாக வரும். பொதுவாக வரிசை இது: எல்டி_லைப்ரரி_பாத், பிறகு ப்ரோகிராமுக்குள் எழுதப்பட்ட ரன்பாத், பிறகு எல்டிகான்ஃபிக் தயாரித்து வைத்த கேஷ், கடைசியில் சிஸ்டத்தின் இயல்பான டைரக்டரிகள். எல்டி_லைப்ரரி_பாத் சோதித்துப் பார்க்க மட்டும் போதும். விநியோகிக்கும் ப்ரோகிராமுக்கு லிங்க் செய்யும்போதே -டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஆரிஜின்' என்று கொடுங்கள். ப்ரோகிராம் எந்த டைரக்டரியில் இருக்கிறதோ அங்கேயே தேடு என்று பொருள். ஒற்றை மேற்கோள் குறி முக்கியம். அது இல்லாவிட்டால் $ஆரிஜினை ஷெல் விழுங்கிவிடும். ரன்பாத்தில் ஒரு பொறி உண்டு: ப்ரோகிராம் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிக்கு மட்டுமே அது செல்லும். அந்த லைப்ரரி கேட்கும் இன்னொரு லைப்ரரிக்கு, அதற்குள்ளேயே தனி ரன்பாத் வேண்டும்.

எந்த லைப்ரரிகள் தேவை என்று பார்க்க எல்லோரும் எல்டிடி-யை அடிக்கிறார்கள். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த ஃபைலில் அதைச் செய்யாதீர்கள், சில நிலைகளில் அது அந்த ஃபைலையே ஓட்டிவிடும். ரீட்எல்ஃப் -டி (டைனமிக் என்பதன் முதல் எழுத்து, சின்னது) போட்டு நீடட் வரிகளைப் படித்தால் போதும், எதுவும் ஓடாது.

கண்ணெதிரே ஃபைல் இருக்கும், எல்எஸ் காட்டும், ஓட்டும் அனுமதியும் இருக்கும். ஓட்டினால் நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. இதில் தலையைப் பிய்த்துக்கொள்ளாதவர்கள் குறைவு. கர்னல் இல்லை என்று சொல்வது உங்கள் ஃபைலை அல்ல, இன்டர்ப் வரியில் இருக்கும் லோடரை. பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சி லைப்ரரி ஜிலிப்சி. அதற்காகக் கட்டிய ப்ரோகிராமை, மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் போட்டால் இதுதான் நடக்கும். ரீட்எல்ஃப் -எல் போட்டு அந்தப் பாதையை எடுத்து, அது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட். புதிய கணினியில் பில்ட் செய்து பழைய சர்வரில் வைத்தால் வரும். புதிதாக எந்த ஃபங்ஷனையும் அழைக்கவில்லையே என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அழைத்திருக்கிறீர்கள். மெயினுக்கு முன்னால் ஓடும் __லிப்சி_ஸ்டார்ட்_மெயின் என்ற ஃபங்ஷனுக்கே, 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34 புதிய வெர்ஷன் முத்திரை குத்தியது. எனவே 2.34-இலோ அதற்குப் பின்னோ லிங்க் செய்தால், மெயின் வெறும் பூஜ்யத்தைத் திருப்பினாலும் அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளும். பழைய சர்வரில் புது ஜிலிப்சி-யைத் திணிக்கப் போகாதீர்கள், சிஸ்டமே எழுந்திருக்காமல் போகலாம். நீங்கள் ஆதரிக்க வேண்டியவற்றிலேயே பழைய டிஸ்ட்ரிபியூஷனின் கன்டெய்னரில் பில்ட் செய்யுங்கள். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆப்ஜ்டம்ப் -டி போட்டு (இது முன்பு போட்ட டிஸ்அசெம்பிள் டி அல்ல, என்எம் காட்டிய டெக்ஸ்ட்டின் டி, பெரிய எழுத்து), ஜிலிப்சி என்று வரும் வரிகளைப் பார்த்தால், உங்கள் ப்ரோகிராம் கேட்கும் மிகப் புதிய வெர்ஷன் எது என்று சர்வரில் ஏற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.